பல்வலித் துளிமருந்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பல் மருத்துவரைப் பார்க்கும் வரை வலியை வீட்டில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் மாதச் சம்பளத்தில் கால் பங்கை விழுங்கியவரின் கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு, கீழ்க் கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. மருத்துவரிடம் திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. தூக்கமின்றிக் கைப்பேசியைத் துழாவியபோது, இணைய விற்பனைத் தளம் ஒன்றில் வேர் வரை இறங்கிப் பல்லைக் குணப்படுத்தும் என்ற துளிமருந்தும், இரவிலும் பதில் தரும் ஓர் "ஆலோசகரும்" கண்ணில் பட்டனர்.

அவர் எடுத்த எடுப்பில் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. குளிர்ச்சி பட்டால் கூசுகிறதா, சூடு பட்டால் வலிக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டார். பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட மென்மையான கூழ் கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருப்பதால், படுக்கும்போது தலைக்கு ஏறும் இரத்தத்தின் அழுத்தம் அங்கே வலியாகத் தெறிக்கிறது என்று விளக்கி, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொள்ளவும், கன்னத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் 15 நிமிடம் வைக்கவும் சொன்னார். அத்தனையும் உண்மை. அரை மணி நேரத்தில் வலி தணிந்ததும், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று நம்பிவிட்டேன். வேர் சிகிச்சையே தேவைப்படாது என்று அவர் அடுத்து சொன்னதையும் அதே நம்பிக்கையில் ஏற்று, இரண்டு குப்பிகளுக்கும் விரைவு அஞ்சலுக்குமாகச் சம்பளத்தில் கால் பங்கை இரவு ஒரு மணிக்குக் கட்டினேன்.

மறுநாள் வந்த குப்பியைத் திறந்தால் கிராம்பு எண்ணெய் வாசனை. மூலப்பொருள் பட்டியல் எதுவும் இல்லை. பஞ்சில் நனைத்து இரவு முழுவதும் வைக்கச் சொன்னார், வைத்தேன். காலையில் ஈறு வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. கிருமி வெளியேறுகிறது என்றார். ஞாயிறு மாலை வலி சட்டென்று நின்றது. அவர் கேட்டுக்கொண்டபடி ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். மருத்துவரிடம் வாங்கிய நேரத்தையும் ரத்து செய்தேன். புதன்கிழமை கன்னம் வீங்கியது. பல்லுக்குள் நரம்பு செத்துவிட்டதால்தான் வலி நின்றது, வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது என்றார் மருத்துவர். வேர் சிகிச்சை இப்போதும் செய்தாக வேண்டும்.

பணத்தைக் கேட்டால், திறந்த குப்பியைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். பிறகு மருத்துவரின் சீட்டு வேண்டும் என்றார்கள். அனுப்பினால், படம் தெளிவாக இல்லை என்றார்கள். பொறுப்பு விற்பவருடையது என்கிறது தளம், பணம் தளத்திடம்தான் இருக்கிறது என்கிறார் விற்பவர். இன்று காலை வந்த பதிலோ, "நீங்களே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள், ஆகவே மருந்து வேலை செய்திருக்கிறது." ஒரு மாதச் சம்பளத்தில் கால் பங்கு போனதற்கு இதுதான் பதில்.

விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளியுங்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை அட்டையில் உள்ள அளவுப்படி விழுங்குங்கள். பாராசிட்டமால் என்றால் பெரியவர்களுக்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரினை ஈறின்மேல் வைக்காதீர்கள், அது புண்ணாக்கும். நீர்க்காத கிராம்பு எண்ணெயும் அப்படியே. அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யுமே தவிர, சொத்தையை ஆற்றாது. வலி நின்றாலும் மருத்துவரிடம் வாங்கிய நேரத்தை ரத்து செய்யாதீர்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நான் கொடுத்த நட்சத்திரங்களை நீக்க அந்தத் தளம் வழிவிடவில்லை. இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாரும் வாங்கிவிடாதீர்கள்.