கழுத்துத் தலையணை: எட்டு மாதம் படுத்துப் பார்த்த பிறகு

வேலூர் சி.எம்.சி.க்கு எதிரே உள்ள சர்ஜிகல் கடை ஒன்றில் 850 ரூபாய்க்கு இந்த ஃபோம் தலையணையை வாங்கினேன். இரண்டு ஓரமும் மேடு, நடுவில் பள்ளம். ஒரு மேடு 4 அங்குலம், மற்றது 3. பிரித்ததும் ரப்பர் வாடை. மூன்று நாள் காற்றாட வைத்ததும் போய்விட்டது.

ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் 14 வருஷமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்த தலைதான். பிடரியில் சுருக்கென்று கிளம்பி, உச்சி வழியாக ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் நிற்கும் வலி. சீப்பு பட்டாலே உயிர் போகும். சைனஸ் என்றார்கள், ஒற்றைத் தலைவலி என்றார்கள், கண்ணாடியும் மாற்றினேன்.

கடைசியாகப் பார்த்த நரம்பு டாக்டரம்மா பிடரியில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதே வலி, அதே கண்ணுக்கு ஓடியது. கழுத்தின் இரண்டாம் நரம்பு தண்டுவடத்திலிருந்து கிளம்பிப் பின்மண்டைத் தோலுக்கு ஏறுகிறதாம். மேல் கழுத்து நரம்புகள் மூன்றும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒன்று சேருவதால், கழுத்துக் கோளாறு கண்ணில் வலிக்கிறது. அதோடு விடவில்லை. இருமினால் வலி கூடுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டுத் துளைவழி கீழே இறங்கி நெருக்கினாலும் இருமும்போது தலை வலிக்குமாம். 10 நொடியில் எத்தனை தரம் கையை மூடித் திறக்கிறேன் என்று எண்ணினார். 20-க்குக் குறைந்தால் தண்டுவடம் நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்கு 26 வந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் தண்டுவடத்துக்கு ஒன்றுமில்லை, மேல் கழுத்து மூட்டில்தான் தேய்மானம்.

சரி, தலையணைக்கு வருகிறேன். மல்லாந்து படுக்கிற எனக்கு 3 அங்குல மேடுதான் சரி. 4-இல் படுத்த அன்று தாடை நெஞ்சைத் தொட்டது. இரண்டு வாரத்தில், காலையில் எழும்போது வரும் வலி பாதியாகக் குறைந்தது. பிசியோ சொல்லித்தந்த பயிற்சியும் தினமும் செய்கிறேன், அதனால் முழுப் பெருமையும் தலையணைக்குத் தர மாட்டேன். நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஃபோம் கொதிக்கிறது. மேலே பருத்தித் துண்டு விரித்தால்தான் தூக்கம். உறையின் ஜிப் ஆறே மாதத்தில் போய்விட்டது, நானே வேறு வைத்துத் தைத்தேன்.

அக்காவும் ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். அவளுக்குத் தலைவலியோடு கை மரத்துப்போகிறது, ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. தலையணை வாங்கவில்லை. வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன்.