டொயோட்டாவின் பி பிளாட்போம்: விட்ஸ், அக்குவா, அக்சியோ மட்டக்களப்பு ரோட்டில் எப்படி?

"விட்ஸும் அக்குவாவும் ஒண்டுதான்" என்று பார்ட்ஸ் கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. பிளாட்போம் என்றால் பல கார்களுக்குப் பொதுவான அடிக்கட்டமைப்பு. பி பிளாட்போம் 2005இல் இரண்டாம் தலைமுறை விட்ஸோடு வந்தது. ஐரோப்பாவில் அதே கார் யாரிஸ். பிறகு கேஎஸ்பி130 விட்ஸ், 2011 கடைசியில் என்எச்பி10 அக்குவா, 2012இல் கொரொல்லா அக்சியோ. மூன்றும் முன்சில்லு இழுவை. சஸ்பென்ஷன் முன்னால் மக்பர்சன் ஸ்ட்ரட் (ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தண்டில்), பின்னால் டோர்ஷன் பீம் (இரு சில்லையும் இணைக்கும் ஒரே சட்டம்). அகலமும் ஒன்றே, 1695 மி.மீ. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையிலான தூரம்தான் மாறுகிறது: 2510, 2550, 2600 மி.மீ.

பார்ட்ஸ் வாங்கும்போது காரின் பெயரைச் சொல்லாமல் கேஎஸ்பி130, என்எச்பி10 போன்ற செஸி கோடைச் சொல்லுங்கள். வெளிநாடுகளில் 2013இலிருந்து விற்ற பெரிய கொரொல்லா வேறு பிளாட்போம், 2700 மி.மீ. "கொரொல்லா" என்று கேட்டு அதன் லோவர் ஆர்மை வாங்கினால் அக்சியோவில் ஏறாது.

பின் சஸ்பென்ஷன் எளிமையானது, தேய்வதற்கு புஷ், ஷொக், பெயரிங் தவிர அதிகம் இல்லை. குறை உயரத்தில்தான். அக்குவாவின் தரை இடைவெளி 140 மி.மீ. மாரி முடிந்து குழி விழுந்த கிறவல் ரோட்டிலும் அம்பாறைப் பக்கம் வட்டைக்கு (வயலுக்கு) போகும் பாதையிலும் அடித்தட்டு உரசும். சிலர் 165/70ஆர்14 டயரைக் கழற்றி 175/65ஆர்15 போடுகிறார்கள். வண்டி உயர்வது 11 மி.மீ.தான், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 62இல் ஓடும். அந்தச் செலவுக்கு ஷொக்கை மாற்றுவது மேல்.

ஹைபிரிட் (பெற்றோல் இஞ்சினோடு மின் மோட்டரும் உள்ள வண்டி) வாங்குவோர் கவனிக்க வேண்டியது பின் சீட்டின் அடி. அக்குவாவின் 144 வோல்ட் நிக்கல் பெற்றரி அங்கேதான் இருக்கிறது, 20 மொடியூல். அதைக் குளிர்விக்கும் விசிறி ஒரு துவாரம் வழியாகக் காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. கடற்கரை மணலும் துணித் தூசும் அந்தத் துவாரத்தை அடைத்தால் பெற்றரி சூடேறி ஆயுள் குறையும். துவாரத்தை மாதம் ஒருமுறை துடையுங்கள். பையை வைத்து மறைக்காதீர்கள். பெற்றரியைத் திறந்தால் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகட்டில் பச்சைப் பாசி போல் பூத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதனால் மட்டும் வரும் பிழைக்கு முழுப் பெற்றரியை மாற்றத் தேவையில்லை. தகட்டைச் சுத்தம் செய்தோ மாற்றியோ பார்க்கலாம். இது வீட்டில் செய்யும் வேலையல்ல: பெற்றரி மின்னைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, குறைந்தது 10 நிமிடம் பொறுத்த பிறகே உயர் வோல்ட் ஓடும் செம்மஞ்சள் வயரில் கை வைக்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் தண்ணீர் எட்டக்கூடியதும் பெற்றரி இருக்கும் அந்தப் பின் சீட்டின் அடியைத்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். சீட்டைப் பிடிக்கும் போல்ட்டில் துரு, கார்பெட்டின் கீழ் ஈரவாடை, இரண்டையும் விடாதீர்கள். பொலிஷ் பண்ணின வண்டிக்கு மயங்க வேண்டாம்.

ஹைபிரிட்டில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பகுதியை மோட்டரே செய்வதால் பிரேக் பேட் குறைவாகத் தேயும். நல்லதுதான், ஆனால் கல்லடி போன்ற உப்புக்காற்றுப் பகுதியில் அதிகம் வேலை செய்யாத பேட்டை அழுத்தும் கலிப்பரின் வழுக்கு ஊசி (பின்) இறுகி, ஒரு பேட் மட்டும் ஒட்டியே நிற்கும். வருடம் ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போடுங்கள். பிரேக் ஒயில் மாற்ற ஸ்கேனர் தேவை. பெடலை மட்டும் மிதித்துக் காற்று எடுக்கும் கராஜை நம்பாதீர்கள்.

கியர்பொக்ஸில்தான் "ஒண்டுதான்" என்ற பேச்சு காசைத் தின்னும். ஹைபிரிட்டில் பட்டி கிடையாது, கியர் தொகுதிதான். அதற்கு ஏடிஎஃப் டபிள்யூஎஸ் என்ற கியர் ஒயில். பெற்றோல் விட்ஸ், அக்சியோவின் சிவிடி (படிப்படியாக கியர் மாறாத ஓட்டோ கியர்பொக்ஸ்) உள்ளே இரும்புப் பட்டி. அதற்கு சிவிடிஎஃப் எஃப்ஈ ஒயில். மாற்றி ஊற்றினால் பட்டி வழுக்கும், இழுவை போகும்.

உப்பும் வெள்ளமும் நிறைந்த இடத்தில் பெற்றோல் அக்சியோவுக்கே நம் வாக்கு. 1500 சிசி 1என்இசட்-எஃப்ஈ இஞ்சின், டைமிங் செயின், பில்டரோடு 3.7 லீற்றர் ஒயில். தினமும் டவுனுக்குள் நின்று நின்று ஓடுபவருக்கு அக்குவா பெற்றோலை மிச்சம் பிடிக்கும், பெற்றரியின் நிலையைச் சொல்லும் ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருந்தால்.