டி.என்.இ.ஏ. பொறியியல் கவுன்சலிங்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவுகிறது?

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பொறியியல் படிக்க ஆசை, வீட்டில் நன்கொடை கட்டப் பணம் இல்லை என்றால், டி.என்.இ.ஏ. எனும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையின் ஆன்லைன் கவுன்சலிங்கைவிட நேர்மையான வாசல் வேறு கிடையாது. மதிப்பெண், இட ஒதுக்கீடு, நீங்கள் கொடுத்த விருப்ப வரிசை ஆகிய மூன்றுதான் இடத்தை முடிவு செய்கின்றன. சிபாரிசுக்கு அங்கே வேலை இல்லை. குறைகள் உண்டு, கீழே சொல்கிறோம். ஆனால் நல்ல கட்-ஆஃப் இருந்தும் இந்த இரண்டு மாவட்டப் பிள்ளைகள் இடத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் விருப்பப் பட்டியலைத் தப்பாக அடுக்குவதால்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறோம்.

2017 வரை பென்னாகரத்துப் பையனும் தேன்கனிக்கோட்டைப் பெண்ணும் அப்பாவோடு சென்னைக்கு வண்டியேறி, கிண்டியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சில நிமிடத்தில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2018இல் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. பதிவுக் கட்டணம் பொது, பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.சி.ஏ. (அருந்ததியர்), எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய். பயணச் செலவு மிச்சம் என்பதைவிட, வீட்டில் உட்கார்ந்து யோசிக்க நாள் கிடைத்ததே பெரிய லாபம்.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு உதவி மையம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக்குச் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியும், கிருஷ்ணகிரிக்குப் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் முக்கியமானவை. அந்த ஆண்டின் முழுப் பட்டியலை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் போடுவது, சான்றிதழ் ஏற்றுவது, திருத்தம் செய்வது எல்லாம் அங்கே இலவசம். சொல்லிக்கொடுப்பவர்கள் கல்லூரி ஆசிரியர்கள் என்பதால் துறைகளைப் பற்றிய சந்தேகங்களையும் கேட்கலாம். குறை தூரம்தான். அஞ்செட்டி, தளி பக்கத்திலிருந்து பர்கூர் வந்து திரும்ப ஒரு பகல் போய்விடும். சித்தேரி மலையிலிருந்து செட்டிக்கரை போவதும் அப்படித்தான். மலைப் பகுதி மேல்நிலைப் பள்ளிகளிலேயே விண்ணப்ப நாட்களில் ஒரு மையம் வைத்தால் எத்தனையோ குடும்பங்களின் ஒருநாள் கூலி மிஞ்சும்.

மையத்துக்குப் போகும்முன் சான்றிதழ்கள் தயாராக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லோருக்கும் தெரிந்தவை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. ஓசூர், தளி ஓரத்தில் வீடு இருந்தும் ஆனேக்கல், அத்திப்பள்ளி பள்ளிகளில் படித்தவர்கள் இருக்கிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை ஏதாவது ஒரு வகுப்பைத் தமிழ்நாட்டுக்கு வெளியே படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது, தமிழ்நாட்டு வருவாய்த் துறை கொடுத்ததுதான் வேண்டும். வத்தல்மலை, சித்தேரி மலையாளி இனப் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், அதற்கு நாளாகும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு சமயத்திலேயே விண்ணப்பித்து வைப்பது நல்லது. சான்றிதழ் கையில் இல்லாமல் பொதுப் பிரிவில் பதிந்துவிட்டால் உரிமையான இடம் கண்ணெதிரே கைநழுவிப் போகும்.

வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை வாங்கித் தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இதோடு சேர்த்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து விடுங்கள். கூடவே பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அது செல்லும் என்பதை மறக்க வேண்டாம். அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போய்விடும்.

கட்-ஆஃப் 200க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கி 50, 50. கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 82, 38, 40 சேர்ந்து 160. பதிவு முடிந்த பிறகு ஒதுக்கப்படும் பத்து இலக்க ரேண்டம் எண்ணைப் பார்த்து அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்று பேசுகிறார்கள். எல்லா அளவிலும் இரண்டு பேர் சமமாக நின்றால் மட்டுமே கடைசியாக அதைப் பார்ப்பார்கள். தரவரிசை வெளியானதும் திருத்தம் கேட்கச் சில நாள்தான் தருவார்கள். மதிப்பெண், பிரிவு, சிறப்பு ஒதுக்கீடு மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

இனி விருப்பப் பட்டியல். மென்பொருள் செய்வது மிக எளிய வேலை. தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்து, எங்கே முதலில் காலியிடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே உள்ள எதையும் பார்க்காது. ஆகவே கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் என்பது பொய். கிடைக்கவில்லை என்றால் அடுத்ததற்கு இறங்கும், அவ்வளவுதான். பயந்துபோய் 'உறுதியாகக் கிடைக்கும்' என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போடுவதுதான் நஷ்டம். அது கிடைத்துவிடும், அதற்கு மேலே வேறெதுவும் இல்லாததால் மேல்நோக்கிப் போகவும் வழியிருக்காது. 170 கட்-ஆஃப் வைத்திருப்பவர் 140க்கு நிறையும் கல்லூரியில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

அடுத்தது, பட்டியலைச் சிறிதாக வைப்பது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. ஆனாலும் ஐந்தாறு போட்டு லாக் செய்துவிட்டு (அதாவது, பட்டியலை இறுதி செய்துவிட்டு), எதுவும் வரவில்லை என்று நிற்கிறார்கள். போன ஆண்டு எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், எந்தப் பிரிவுக்கு எவ்வளவில் நிறைந்தது என்ற பட்டியல் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் கட்-ஆஃபுக்கு ஐந்து, ஆறு மதிப்பெண் மேலே தொடங்கி, பத்துப் பன்னிரண்டு கீழே வரைக்கும் எடுத்து, நாற்பது விருப்பமாவது எழுதுங்கள். உங்கள் பிரிவின் நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுங்குபவர்கள் நிறைய. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர்களுக்கு முதலில் பொது இடங்களில் வாய்ப்புப் பார்த்துவிட்டு, பிறகு அவரவர் பிரிவு இடங்களைப் பார்ப்பார்கள். இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

கல்லூரி முக்கியமா, துறை முக்கியமா என்ற சண்டையை முதலில் ஒரு நோட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு கல்லூரி, ஒரு துறை சேர்ந்த ஜோடி. முதல் வரியில் பர்கூரில் எலக்ட்ரிக்கல், இரண்டாவதில் செட்டிக்கரையில் கம்ப்யூட்டர், மூன்றாவதில் மறுபடி பர்கூரில் மெக்கானிக்கல் என்று மாற்றி மாற்றி எழுதலாம். எங்கள் கருத்தைக் கேட்டால், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை இவ்வளவு அருகில் இருக்கும்போது, அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் கிடைக்கும் பிள்ளை, பெயர் தெரியாத தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக அதை விடக் கூடாது. கட்டணத்தில் உள்ள வித்தியாசமே நான்கு வருடத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்கும்.

துறையின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அதே கல்லூரி, அதே வகுப்பறையாக இருக்கலாம், கட்டணம் வேறு. ஒரே மாதிரி ஒலிக்கும் கல்லூரிப் பெயர்களும் நிறைய. எல்லாம் ஆங்கிலத்தில் வரும் என்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைத் தாளில் எழுதி வைத்து, அதைக் கொண்டு தேடுங்கள். கட்டண விவரத்தைக் கல்லூரிப் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டாதது இந்தச் சேவையின் பெரிய குறை. பேருந்துக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் கல்லூரிக்கு நேரடியாகப் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள்தான் கிடைக்கும். 'ஏற்றுச் சேருகிறேன்' என்றால் கல்லூரிக்கே போய்க் கட்டணம் செலுத்த வேண்டும். 'ஏற்கிறேன், மேலே வந்தால் மாறுகிறேன்' என்றால் உதவி மையத்தில் பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பணம் கட்டாவிட்டால் கையில் இருப்பதும் போகும். மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் பட்டியலில் மேலே இருப்பது உண்மையாகவே கீழே இருப்பதைவிடப் பிடித்ததாக இருக்க வேண்டும். 'வேண்டாம், மேலே மட்டும்', 'வேண்டாம், அடுத்த சுற்று' என்ற இரண்டும் கையிலிருப்பதை விட்டுவிடுபவை. ஐந்தாவது முழுக்க விலகுவது. பெரும்பாலான வீடுகளுக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் பொருந்தும். இரண்டு நாளும் பேசாமல் இருந்துவிட்டால் இடம் ரத்து.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் என்பதால் இதைவிடப் பெரிய உதவி இந்தச் சேவையில் கிடையாது. கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சலுகை அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்துக்குத்தான். பொதுச் சுற்றில் வேறு இடம் கிடைத்து அங்கே சேர்ந்தால் கட்டணம் உங்கள் தலையில் விழும். இரண்டிலும் இடம் வந்தால் நான்கு வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

நெட் சென்டரில் விண்ணப்பித்தால் போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் எண்ணைப் போட்டுவிட்டால் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், அவர் கடை மூடிய நேரத்தில் உங்களால் லாக் செய்ய முடியாது. அதைவிட ஆபத்து, 'நாங்களே நிரப்பித் தருகிறோம்' என்று வீட்டுக்கு வரும் கல்லூரி முகவர்கள். கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவர்கள் கல்லூரி மட்டும் முதல் வரியில் இருக்கும். மதிப்பெண் பட்டியலின் அசலையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கடைசி நாள் மாலையில் இணையதளம் மந்தமாகும். முதல் நாளே நிரப்பிச் சேமித்துவிட்டு, மறுநாள் திருத்திவிட்டு, அதன் பிறகு லாக் செய்வதுதான் பத்திரம்.

கல்லூரியை எடைபோட விளம்பரப் பலகை உதவாது. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்தேர்வுக்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. நான்கைந்து பருவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியம் தரும் அங்கீகாரம் துறைவாரியானது, கல்லூரி முழுவதற்கும் இருப்பதாகச் சொன்னால் எந்தத் துறைக்கு என்று கேளுங்கள்.

பொறியியலே வேண்டாம், அல்லது கணிதம் எடுக்கவில்லை என்பவர்களுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் ஆன்லைன் விண்ணப்பம் தனி. கட்டணம் 50 ரூபாய்தான். தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கல்லூரி எல்லாம் அதில் வரும். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்தந்த மொழிப் பாட மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், மற்றப் படிப்புகளுக்கு மொழி நீங்கலாக 400க்கு. பிளஸ் டூ அறிவியல் பிரிவில் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், டிப்ளமோ முடித்துப் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகவும் வழியுண்டு. வழக்கறிஞர் ஆக நினைப்பவர்களுக்கு 2017இல் தொடங்கிய தர்மபுரி அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அதற்கான சேர்க்கையை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்துகிறது.

மூன்று பொதுச் சுற்றுகளிலும் எதுவும் கிடைக்காதவர்களும், துணைத் தேர்வில் தேறியவர்களும் துணைக் கவுன்சலிங்குக்கு மறுபடி தனியாகப் பதிய வேண்டும். பழைய பதிவு தானாகத் தொடராது. அதற்கான நாட்கள் மிகக் குறைவு, அறிவிப்பு இணையதளத்தின் முகப்பில்தான் வரும்.