செயின்ட் மேரிஸ் மருத்துவமனை: பல வருட அனுபவம்

என் கணவரின் இதய சிகிச்சைக்காக மினசோட்டாவில் இருக்கும் ராச்செஸ்டருக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறோம். அங்குள்ள பெரிய மருத்துவ நிறுவனமான மாயோ கிளினிக்கின் பெருமையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவர் படுத்திருந்த செயின்ட் மேரிஸ் மருத்துவமனையைக் கட்டியது கன்னியாஸ்திரீகள் என்பது பலருக்குத் தெரியவில்லை.

1883 ஆகஸ்ட் 21இல் அடித்த சூறாவளியில் ஊரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஆஸ்பத்திரி கிடையாது, காயம்பட்டவர்களை நடனக் கூடத்தில் கிடத்தினார்கள். டாக்டர் வில்லியம் வொரல் மாயோ உதவி கேட்க, பள்ளிக்கூடம் நடத்திய பிரான்சிஸ்கன் சகோதரிகள் ஓடி வந்தார்கள். அப்புறம் அவர்களின் தலைவி மதர் ஆல்ஃப்ரட் மோஸ், மருத்துவமனையை நாங்கள் கட்டுகிறோம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரிடம் கேட்டார். இவ்வளவு சின்ன ஊர் தாங்காது என்று அவர் தயங்கினார். மதர் விடவில்லை. சகோதரிகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து, 1889இல் 27 படுக்கைகளோடு திறந்துவிட்டார்கள். டீச்சர்களாக இருந்தவர்கள் ஈடித் கிரஹாம் என்ற நர்ஸிடம் செவிலியர் வேலை கற்றார்கள்.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சிஸ்டர் மேரி ஜோசப். 1892 முதல் 1939 வரை மருத்துவமனையை நடத்தியவர். அறுவை சிகிச்சைக்கு நோயாளிகளைத் தயார்செய்யும்போது சிலரின் தொப்புளில் கெட்டியான கட்டி இருப்பதைக் கவனித்தார். வயிற்றுக்குள் புற்றுநோய் பரவியதற்கான அடையாளம் அது. இன்றும் மருத்துவ மாணவர்கள் அதை அவர் பெயரிலேயே படிக்கிறார்கள்.

அந்தக் கவனத்தை வார்டில் நேரில் பார்த்தேன். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு நர்ஸ்களும் கட்டிலருகே நின்று, மருந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரிதானே என்று என் கணவரிடமே கேட்பார்கள். இரவில் அவருக்குக் குளிரெடுத்தால் கேட்காமலே சூடாக்கிய போர்வை வரும். நான் நிம்மதியாகத் தூங்கியது அதனால்தான்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: கட்டிடங்களுக்கு ஆல்ஃப்ரட், மேரி பிரை, டொமிட்டில்லா, ஜெனரோஸ் என்று சகோதரிகளின் பெயர்கள்தான். எந்தக் கட்டிடம், எந்த மாடி என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பரிசோதனைகள் பெரும்பாலும் ஒரு மைல் தள்ளி, நகர மையத்தில் நடக்கும். இலவச ஷட்டில் பஸ் உண்டு. 1986இல் மருத்துவமனை மாயோவோடு இணைந்துவிட்டாலும் சிற்றாலயம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

பில்லை நினைத்து மலைத்து நிற்பவர்கள் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். நிர்வாகியாக இருந்த கடைசி சகோதரி ஜெனரோஸ், பணம் கட்ட முடியாத நோயாளிகளுக்காகவே 1983இல் பொவெரெல்லோ அறக்கட்டளையைத் தொடங்கினார்.