70 மடங்கு பெரிதாக்கிய தோல் மாதிரி: வகுப்பறைக்கு ஏற்றதா?

எங்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்துக்காக 4,200 ரூபாய் கொடுத்து இணையவழியில் வாங்கிய, மனிதத் தோலின் குறுக்குவெட்டைக் காட்டும் பிளாஸ்டிக் மாதிரியை மேல்நிலை வகுப்புகளில் ஓராண்டு பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். தோலை 70 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாகப் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மாதிரியின் உண்மையான பலம் டெர்மிஸ் எனும் உட்தோல் பகுதியில் இருக்கிறது. மயிர்க்கால், அதன் பக்கத்தில் ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்காலைச் சாய்வாகப் பற்றியிருக்கும் சிறு தசை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பு கரும்பலகைப் படத்தில் ஒருபோதும் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. குளிரிலும் அச்சத்திலும் அந்தத் தசை சுருங்கி முடியை நிமிர்த்துவதையே மயிர்க்கூச்செறிதல் என்கிறோம் என்று விளக்கியபோது, மாணவிகள் தம் முன்கைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இரத்தக் குழாய்கள் உட்தோலோடு நின்றுவிடுவதையும் சரியாகவே வடித்திருக்கிறார்கள். எபிடெர்மிஸ் எனும் மேல்தோலில் குழாய்கள் இல்லாததால்தான் மேலோட்டமான சிராய்ப்பில் இரத்தம் வருவதில்லை.

ஆனால் அந்த மேல்தோலில்தான் பெரும் பிழையும் உள்ளது. மாதிரியில் அதன் தடிமன் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். 70ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. முன்கை போன்ற இடங்களில் மேல்தோல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால், இந்தத் தடிமன் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்குமே பொருந்தும். தடித்த தோலுக்கே உரிய, ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்கையும் தனி நிறத்தில் காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இது உள்ளங்கைத் தோல். உள்ளங்கையில் முடியே வளராது. இங்கோ மூன்று முடிகள் முளைத்து நிற்கின்றன! உடலில் எங்குமே இல்லாத ஒரு தோலை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளிக்கிறது.

நிறமும் ஒரு குறை. முழு மாதிரியும் இளஞ்சிவப்பாக இருக்க, மேல்தோலின் அடிவரிசையில் இருக்க வேண்டிய, தோலுக்கு நிறம் தரும் மெலனின் எனும் நிறமியை உருவாக்கும் மெலனோசைட் செல்களைக் காணோம். எல்லா நிறத்தவரிடமும் இச்செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. அவை உருவாக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. தோல் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் புண்படுத்தப்படும் சூழலில் இதைச் சொல்லாமல் பாடத்தை முடிக்க என்னால் இயலாது என்பதால், பழுப்பு வண்ணத்தில் அச்செல்களை நானே வரைந்து சேர்த்தேன்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. தமிழ்க் குறிப்பை நாமே தயாரிக்க வேண்டும். பொருளின் உறுதியில் குறையில்லை, வண்ணமும் உதிரவில்லை.

பிழைகளைச் சுட்டிக்காட்டி நடத்தக்கூடிய ஆசிரியர் இருக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கு இதை வாங்கலாம். தானாகப் பார்த்துக் கற்கும் சிறு வகுப்பினருக்கு வேண்டாம். முடியுள்ள தோலையும் முடியற்ற தோலையும் பக்கம்பக்கமாகக் காட்டும் இரட்டை மாதிரி கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலையானாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.