கட்டமா, கடப்பாரையா, வைக்கோலா: மூன்று தோட்டப் புத்தகங்கள்

வீட்டுத் தோட்டம் போட ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: மெல் பார்த்தலோமியூவின் 'ஸ்கொயர் ஃபுட் கார்டனிங்', ஜான் ஜெவன்ஸின் 'ஹவ் டு க்ரோ மோர் வெஜிடபிள்ஸ்', மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'. மூன்றையும் ஒரே மாதத்தில் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் மண்ணைத் தொடவே வேண்டாம், புதிதாகக் கலந்து பெட்டியில் நிரப்புங்கள் என்கிறார் ஒருவர். இருக்கிற மண்ணை 2 அடி ஆழத்துக்குக் கிளறுங்கள் என்கிறார் அடுத்தவர். கிளறுவதே பிழை என்கிறார் மூன்றாமவர்.

மதுரையில் என் மொட்டை மாடியிலும், அம்மா வீட்டுக் கொல்லையில் 2 சென்ட் இடத்திலும் மூன்று பேர் சொன்னதையும் செய்து பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடி மட்டும் இருப்பவருக்குப் பார்த்தலோமியூ. தரை இருப்பவருக்கு ஜெவன்ஸ். ஃபுகோகாவை ஒரு பட்டமாவது கையால் பயிர் செய்துவிட்டுப் படியுங்கள்.

பார்த்தலோமியூ அமெரிக்காவில் சிவில் இன்ஜினியராக இருந்தவர். புத்தகம் 1981-ல் வந்தது. அது முழுக்க ஓர் இன்ஜினியரின் கணக்கு. 4 அடிக்கு 4 அடி பெட்டி, அதில் 16 கட்டம். ஒரு கட்டத்தில் தக்காளி என்றால் ஒரு செடி, புதர் பீன்ஸ் 9, முள்ளங்கி 16. நீள வரிசையில் விதையை அள்ளித் தூவிவிட்டு, முளைத்த பிறகு பாதியைப் பிடுங்கி எறியும் வழக்கம் அவருக்கு ஆகவே ஆகாது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு விதை, அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் அறுவடை முடிந்ததும் ஒரு கை மட்கு உரம் போட்டு வேறு பயிர் வைத்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைகூட ஒரு கட்டத்தைத் தன் பெயரில் எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் மண் கலவையில் வருகிறது. பின்னால் வந்த திருத்திய பதிப்பில் அவர் சொல்லும் கலவை: மூன்றில் ஒரு பங்கு பீட் மாஸ், ஒரு பங்கு வெர்மிகுலைட், ஒரு பங்கு பலவகை மட்கு உரம். பீட் மாஸ் என்பது குளிர்நாட்டுச் சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பாசி. அதை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வரும் தேங்காய் நார்க் கழிவு அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. வெர்மிகுலைட் கேட்டு நான் போன கடையில் மண்புழு உரத்தை எடுத்துக் கொடுத்தார்கள். வெர்மிகம்போஸ்ட் என்று காதில் விழுந்திருக்கும். வெர்மிகுலைட் சூட்டில் பொரிய வைத்த ஒரு கனிமம். அதில் உரச்சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விலையும் அதிகம். நான் அதை விட்டுவிட்டுச் செம்மண் சேர்த்தேன், பயிர் கோபித்துக்கொள்ளவில்லை.

கணக்கு இப்படி வரும். 4 அடிக்கு 4 அடி, 6 அங்குல ஆழம் என்றால் 8 கன அடி, ஏறக்குறைய 225 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு 75 லிட்டர். கடையில் விற்கும் 5 கிலோ நார்க் கழிவுக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். ஊறிய தண்ணீரை வடித்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்குங்கள். அலசாத கட்டியில் உப்பு இருக்கும், நாற்று கருகும்.

கலவையை மாற்றினாலும் வெறும் தோட்ட மண்ணை மட்டும் மாடியில் கொட்டிவிடாதீர்கள். அந்தப் பெட்டியை ஈர மண்ணால் நிரப்பினால் ஏறக்குறைய 400 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு 270 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டட விதிகள் எடுத்துக்கொள்ளும் நடமாட்டச் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். புத்தகம் பெட்டியைத் தரையில் வைப்பதாக நினைத்தே எழுதப்பட்டது, அதனால் இந்தக் கவலை அதில் முதன்மையாக வராது. இலகுவான கலவை, சுவரோரம் அல்லது பீம் போகும் இடம், பெட்டிக்குக் கீழே தண்ணீர் வடிய செங்கல் உயரத்துக்கு இடைவெளி. இது மூன்றும் என் மாடியில் கட்டாயம். 6 அங்குலம் கீரைக்குப் போதும். கத்தரிக்கும் தக்காளிக்கும் சித்திரை வெயிலில் போதவில்லை. அவற்றை மட்டும் ஓர் அடி ஆழப் பைக்கு மாற்றினேன்.

அடுத்து ஜெவன்ஸ். 1974-ல் முதல் பதிப்பு. கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு, ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் அங்கே கற்றுக்கொடுத்த முறையை அளந்து, எடைபோட்டு, எழுதி வளர்த்தவர். 5 அடி அகலம், 20 அடி நீளப் பாத்தி. மேல் ஓரடி மண்ணைச் சால் சாலாக எடுத்து முன்னால் தள்ள வேண்டும், அதற்குக் கீழே உள்ள ஓரடியை இருந்த இடத்திலேயே நெகிழ்த்திவிட வேண்டும். இரட்டைக் கொத்து.

முதல் முறை நான் இதைக் காய்ந்த மண்ணில் செய்யப் போய்க் கடப்பாரை கை அதிர எகிறி வந்ததுதான் மிச்சம். நல்ல மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, மண்ணைப் பிடித்தால் பிடியாகவும் விரலால் தட்டினால் உதிரவும் செய்கிற புட்டுமாவுப் பதத்தில் மறுபடி இறங்கினேன். மூன்று காலை வேலையில் முடிந்தது. கொத்திய பாத்தியில் தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கியதை அந்த ஐப்பசியிலேயே பார்த்தேன். பக்கத்தில் கொத்தாத இடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. ஒவ்வொரு பட்டத்துக்கும் இப்படிக் கொத்தச் சொல்கிறார் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. மண் ஒருமுறை நெகிழ்ந்துவிட்டால் பிறகு மேலாகக் கிளறினால் போதும் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் கொத்துவதைவிட இந்தப் புத்தகத்தில் என்னை மாற்றியது வேறு. பாத்திப் பரப்பில் 60 சதவீதம் தானியம்போல மட்குக்குத் தாளும் மனிதனுக்கு உணவும் சேர்த்துத் தரும் பயிர், 30 சதவீதம் மாவுச்சத்து நிறைந்த கிழங்கு வகை, வெறும் 10 சதவீதம்தான் காய்கறி என்கிறார். காய்கறி வளர்க்கச் சொல்லித் தரும் புத்தகம் காய்கறிக்குப் பத்தில் ஒரு பங்கு இடம் கொடுக்கிறது! காரணம் எளிது. கடையில் மூட்டை மூட்டையாக உரம் வாங்கினால் வேறு யாருடைய நிலத்துச் சத்தையோ நம் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நம் மண்ணுக்கான உரம் நம் மண்ணிலேயே விளைய வேண்டும். பார்த்தலோமியூ ஐந்து இடத்து மட்கு உரத்தை வாங்கிக் கலக்கச் சொல்லும்போது இந்தக் கேள்வியே அவருக்கு எழுவதில்லை. இங்கே என் மனம் முழுக்க ஜெவன்ஸ் பக்கம். இப்போது கொல்லையில் பாதிக்கு மேல் சோளம் போடுகிறேன்; கதிர் எங்களுக்கு, தட்டை மட்குக் குழிக்கு. விதையிலும் அவர் எடுத்து வைத்து மறுபடி விதைக்கக்கூடிய ரகங்களையே வலியுறுத்துகிறார். நாட்டு விதை தேடுபவர்களுக்கு இது பிடிக்கும்.

படிப்பதற்கு இலகுவான புத்தகம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாக அட்டவணை, அவுன்ஸ், பவுண்டு. மாடிக்கு அது பயன்படாது, 2 அடி ஆழத்துக்கு மாடியில் எங்கே போவது?

இரண்டு அமெரிக்கப் புத்தகங்களுக்கும் பொதுவான ஒரு குறை. விதைக்கும் நாளைக் கடைசி உறைபனியிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்கு உறைபனியும் இல்லை, அந்தக் கணக்கும் இல்லை. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று நம் நாட்காட்டியை அந்தப் பக்கங்களின் மேல் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், உயரமான செடியை வடக்குப் பக்கம் வையுங்கள், நிழல் விழாது என்ற அறிவுரை. மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்கே கட்டிய புடலைப் பந்தலின் நிழல், கொஞ்சமானாலும், தெற்கே கீரை மேல்தான் விழும். நம் சித்திரை வெயிலில் அது கீரைக்கு நல்லதே. வெளிச்சத்துக்கு ஏங்கும் குளிர்நாட்டுக்காரரும் நிழலுக்கு ஏங்கும் நாமும் ஒரே பக்கத்தை வேறு வேறாகத்தான் படிக்க முடியும்.

ஃபுகோகா ஜப்பானின் ஷிகோகு தீவுக்காரர். பயிர் நோய் படித்து, சுங்கத் துறையில் தாவரங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்து, அதை உதறிவிட்டு அப்பாவின் பண்ணைக்குத் திரும்பியவர். ஜப்பானிய மூலம் 1975, ஆங்கிலம் 1978, தமிழிலும் கிடைக்கிறது. உழவு இல்லை, உரம் இல்லை, களையெடுப்பு இல்லை, பூச்சிமருந்து இல்லை. நெல் அறுக்கும் முன்பே வயலில் பார்லியையும் பயறு வகைத் தீவனச் செடியான குளோவரையும் விதைத்து, அறுத்த வைக்கோலை அப்படியே திருப்பிப் பரப்புகிறார். மூன்றில் எழுத்தால் உயர்ந்தது இதுதான். ஆனாலும் முதல் புத்தகமாக இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படித்த வேகத்தில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடத் தோன்றும். அவரே இளமையில் அப்படிச் செய்து அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பறிகொடுத்தார். ஏற்கெனவே வெட்டி வளர்த்த மரங்களைத் திடீரென்று கைவிட்டதும் கிளைகள் பின்னிப் பூச்சி ஏறி மரங்கள் பட்டுப்போயின. கைவிடுவது வேறு, இயற்கை வேளாண்மை வேறு என்று அவர் எழுதும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவர் முறை அமைய வருடங்கள் பல பிடித்தன, அவருக்கு நிலமும் இருந்தது. மாடிக்காரர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: மூடாக்கு. சருகோ கரும்புச் சோகையோ இரண்டு விரல் கனத்துக்குப் போட்ட தொட்டிக்கு, கோடையில் இரண்டு வேளைத் தண்ணீர் ஒரு வேளையாகக் குறைந்தது. தரை உள்ளவர்கள் குளோவருக்குப் பதில் தட்டைப்பயறு போட்டுப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெரிய பெட்டிகூடச் செய்ய வேண்டாம். பார்த்தலோமியூவின் கட்டக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரடி அகலக் குரோ பேக் ஒவ்வொன்றையும் ஒரு கட்டமாக நினைத்து வையுங்கள். வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.