உதவிபெறும் மிஷன் பள்ளியா, ஆர்டிஇ சீட்டா?

கட்டணம் கட்ட வசதியில்லை, ஆனால் அரசுப் பள்ளியைத் தாண்டி வேறு பள்ளியில் சேர்க்க ஆசை. இப்படிப்பட்ட பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் அரசுப் பணம் இரண்டு வழிகளில் கைகொடுக்கிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் போன்ற உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்தின் பொறுப்பு. இன்னொன்று கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஇ) கீழ் தனியார் பள்ளிகள் ஏழை, பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடம். பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கும், கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும்.

என் ஓட்டு உதவிபெறும் பள்ளிக்குத்தான்.

ஆர்டிஇ-யில் விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். கிடைத்தாலும் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் உங்கள் தலையில். 2025இல் மத்திய அரசு நிதியைத் தராத தகராறில், ஜூனில் பள்ளி திறந்தும் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. எல்கேஜி பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட பாதி வருடம். அப்புறம், மத வழிப் பள்ளிதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் சேர்ந்தால் செலவு மிகக் குறைவு. புத்தகம் இலவசம், மதிய உணவு உண்டு. காலை உணவும் 2024இல் கிராமப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது, 2025இல் நகர்ப்புறத்துக்கும் வந்தது.

'மதத்தைப் பரப்ப வரிப்பணமா?' என்ற கேள்வி நியாயமானது. அரசு நிதி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. கத்தோலிக்கப் பள்ளிகளில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு (மத பாட வகுப்புக்கு) போகும் பீரியடில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடப்பது வழக்கம். ராமகிருஷ்ண மடத்துப் பள்ளிகளும் இதே உதவியைப் பெறுகின்றன. அரசு தரும் சம்பளம் கணக்கு வாத்தியாருக்குப் போகிறது; அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காலை வழிபாடு மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும், நேரில் விசாரியுங்கள்.

ஆனால் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான்; ஆர்டிஇ-யில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அதே ஏழை வீட்டுப் பிள்ளை எதிர்த் தெரு உதவிபெறும் பள்ளியில் படித்தால் கிடையாது. கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்கூட 2024 கடைசியில்தான் இவர்களுக்கு நீண்டது, அதுவும் தமிழ்வழி மாணவிகளுக்கு மட்டும். மருத்துவக் கனவு உள்ள வீடு என்றால் உதவிபெறும் பள்ளியை விட்டு, ஆறாம் வகுப்பிலிருந்தாவது அரசுப் பள்ளிக்கே போவது நல்லது.

இன்னொரு விஷயம். பல உதவிபெறும் பள்ளிகளில் ஒரே வளாகத்தில் சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் நடக்கிறது. சீருடை ஒன்றாக இருக்கலாம், கேட் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அங்கே முழுக் கட்டணம். பணம் கட்டும் முன், பிள்ளையின் பெயர் எந்தப் பிரிவில் ஏறுகிறது என்று அலுவலகத்தில் கேட்டு, ரசீதிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.